கூடாரக் கம்புக்குள் ஓடும் எலாஸ்டிக் கயிறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிகளில் முகாம் நடத்துவோரும், விடுமுறையில் மலைக்குச் சென்று டென்ட் அடித்துத் தங்குவோரும் கவனிக்க வேண்டிய ஒரு சிறு பொருளைப் பற்றி இக்கடிதத்தை எழுதுகிறேன். மடக்குக் கூடாரத்தின் கம்புகளுக்குள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடும் எலாஸ்டிக் கயிறுதான் அது. அந்தக் கயிறு தொய்ந்துவிட்டது அல்லது அறுந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக, துணியும் கம்பும் நன்றாக இருக்கும் கூடாரங்கள் கழிவுப் பட்டியலில் ஏறி, பழைய சாமான் கடைக்குப் போவதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு கம்புக்குக் கயிறு மாற்ற அரை மணி நேரம் போதும் என்பதால், அந்தக் காட்சி எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

நான் ஓய்வுபெற்ற சாரண ஆசிரியன். பணியில் சேர்ந்த காலத்தில் எங்களிடம் இருந்தவை காடாத் துணிக் கூடாரங்கள். மழையில் நனைந்தால் இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க முடியும். மூங்கில் கம்பு ஒடிந்தால் பக்கத்துத் தோப்பில் கேட்டு இன்னொன்று வெட்டிக்கொள்வோம். இப்போதுள்ள குவிமாட வடிவக் கூடாரங்கள் இலகுவானவை. சிறுவர்களே பத்து நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். அந்த வசதிக்குப் பெரிதும் காரணம், ஏழெட்டுத் துண்டுகளைச் சிதறாமல் கோத்துப் பிடித்து, உதறியதும் ஒன்றோடொன்று போய்ப் பொருந்தச் செய்யும் இந்தக் கயிறுதான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பரில், சேர்வராயன் மலையில் நடந்த பள்ளி முகாம் ஒன்றுக்கு உதவியாகச் சென்றிருந்தேன். இருட்டும் நேரத்தில் பிள்ளைகள் கூடாரம் அடித்தார்கள். ஒரு கம்பில் கயிறு முழுவதும் தொய்ந்திருந்ததால், துண்டுகள் தாமாகச் சேரவில்லை. கையால் தள்ளிச் சேர்த்துத் துணி உறைக்குள் செருகினார்கள். உறைக்குள் தள்ளும்போது ஒரு மூட்டு ஒரு விரற்கடை அளவு விலகியதை யாரும் கவனிக்கவில்லை. நள்ளிரவில் காற்று வலுத்ததும், விலகிய இடத்தில் ஃபைபர் கிளாஸ் குழாய் நெடுக்காகப் பிளந்து, துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. உள்ளே மூன்று சிறுவர்கள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை. அடுத்த வாரமே அந்தப் பள்ளியில் பதினோரு கூடாரங்களைக் கழித்துவிட முடிவு செய்தார்கள். நான் கேட்டு வாங்கிப் பிரித்துப் பார்த்ததில், துண்டு மாற்ற வேண்டியிருந்தவை இரண்டே கம்புகள்தாம். மற்ற அனைத்திலும் கயிறு மட்டுமே கெட்டிருந்தது.

இந்தக் கயிறு கூடாரத்தின் பாரத்தைத் தாங்குவதில்லை. பாரத்தைத் தாங்குவது குழாயும், ஒரு துண்டின் முனையில் பதித்திருக்கும் உலோகக் குழலும்தான். அடுத்த துண்டு அந்தக் குழலுக்குள் முழுவதுமாக இறங்கி நிற்க வேண்டும். பாதி மட்டும் இறங்கியிருந்தால், கம்பு வளையும்போது முழு விசையும் குழாயின் மெல்லிய விளிம்பில் விழுந்து, அது வெடித்துவிடுகிறது. மூட்டுகளை இறுக்கிப் பிடித்து அப்படி நேராமல் காப்பதே கயிற்றின் வேலை. ஆகவே, அறுந்த கயிற்றைவிடத் தொய்ந்த கயிறே ஆபத்தானது என்பேன். அறுந்தது உடனே தெரிந்துவிடும். தொய்ந்தது இருப்பதுபோல் இருந்துகொண்டு ஏமாற்றும்.

கயிற்றின் உள்ளே மெல்லிய ரப்பர் இழைகளும், வெளியே நைலான் அல்லது பாலியஸ்டர் நூலால் பின்னிய உறையும் உள்ளன. வெயிலிலும் சூட்டிலும் காற்றிலும் ரப்பர் நாளடைவில் இறுகி முறிந்துபோகும். தகரக் கூரையிட்ட சாமான் அறையில் இரண்டு கோடைக்காலம் கிடந்தால் அதன் ஆயுள் விரைந்து குறையும். வெளியுறை மட்டும் புதிது போலவே தோன்றும். விரல்களுக்கிடையே வைத்து உருட்டிப் பார்த்தால், உள்ளே ரப்பர் துண்டு துண்டாகக் கிடப்பது கைக்குத் தெரியும். கம்பை எப்போதும் ஒரு முனையிலிருந்தே மடக்கிக்கொண்டு போவதும் ஒரு காரணம். அப்படிச் செய்தால் இழுவை முழுவதும் மறுபக்கத்தில் சேர்ந்துகொள்ளும். நடுவில் தொடங்கி இரு பக்கமும் மாறி மாறி மடக்கினால் இழுவை சமமாகப் பரவும். கயிறும் நெடுநாள் உழைக்கும்.

இனி மாற்றும் முறை. முதலில் கம்பு முழுவதையும் நீட்டி, அளந்து, ஒவ்வொரு துண்டிலும் காகித டேப் ஒட்டி வரிசை எண் எழுதிவிட வேண்டும். சில கம்புகளில் ஓரத்துத் துண்டும் நடுத்துண்டும் வெவ்வேறாக இருப்பதால், வரிசை மாறினால் கூடாரமே கோணலாக நிற்கும். ஃபைபர் கிளாஸ் கம்பாக இருந்தால் கையுறை கட்டாயம். அதன் சிலாம்பு விரலில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு. முனைமூடியை மெல்லத் திருகி இழுத்தால் பெரும்பாலும் முடிச்சும் கூடவே வந்துவிடும். முடிச்சுக்கு அடியில் சிறு வாஷர் இருந்தால் அதைத் தனியே எடுத்து வையுங்கள். பழைய கயிறு அறுபடாமல் இருந்தால், அதன் முனையோடு புதிய கயிற்றின் முனையை ஊசி நூலால் தைத்து இழுத்துவிடலாம். அறுந்திருந்தால், கட்டடக்காரர்கள் பயன்படுத்தும் கட்டுக்கம்பியின் நுனியில் கயிற்றைக் கட்டி ஒவ்வொரு துண்டாகக் கோக்கலாம். உருண்டையான எலாஸ்டிக் கயிறு எனக்குத் தையல் சாமான் கடையிலேயே கிடைத்தது. பழைய கயிற்றில் ஒரு துண்டைக் கையில் கொண்டுபோய், அதே தடிமனில் வாங்குவது நல்லது. பெரும்பாலும் இரண்டரை முதல் மூன்று மில்லிமீட்டர் வரை இருக்கும்.

நீளத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். கம்பின் நீளத்துக்குச் சமமாகக் கயிற்றை வெட்டினால் இழுவையே இருக்காது. மிகக் குறைத்தால் மடக்கும்போது கயிறு குழாயின் விளிம்பில் உரசி அறுந்துவிடும். கம்பின் நீளத்தில் முக்கால் பங்கு என்பது எனக்குச் சரியாக வந்த கணக்கு. 45 சென்டிமீட்டர் துண்டுகள் எட்டு இருந்தால் கம்பு 360 சென்டிமீட்டர். கயிறு 270 சென்டிமீட்டர். ஆனால் முதலிலேயே வெட்டிவிடாதீர்கள். தளர்வாக வைத்து அளந்து, 270-ஆவது சென்டிமீட்டரில் மையால் குறியிட்டு, ஒரு முனையில் ‘8’ வடிவ முடிச்சு ஒன்றைப் போட்டு, எல்லாத் துண்டுகளையும் கோத்துப் பொருத்திய பிறகு, அந்தக் குறி மறுமுனைக்கு வெளியே வரும்வரை இழுத்துப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் குறட்டால் கவ்விக்கொள்ள, குறியிட்ட இடத்தில் முடிச்சுப் போட்டு, மிச்சத்தை வெட்டி, நுனியைத் தீக்குச்சியால் லேசாகக் கருக்கிவிட்டால் உறை பிரியாது. பிறகு கம்பை ஒருமுறை முழுவதும் மடக்கிப் பாருங்கள். எல்லா மூட்டும் சிரமமின்றி மடங்கி, விட்டதும் ‘டக்’கென்று சேர வேண்டும்.

அந்தப் பதினோரு கூடாரங்களின் இருபத்திரண்டு கம்புகளையும் நானும் அப்பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் ஆறு பேரும் இரண்டு சனிக்கிழமைகளில் முடித்தோம். இரண்டாவது கம்புக்குப் பிறகு என் உதவி அவர்களுக்குத் தேவைப்படவில்லை. முடிச்சுக் கற்பிக்கும் சாரணர் வகுப்பிலும் தேசிய மாணவர் படை வகுப்பிலும் இந்த வேலையையும் சேர்த்துக்கொள்ள வேண்டுமென்று பொறுப்பாசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். முகாமுக்குப் புறப்படுவதற்குப் பதினைந்து நாள் முன்பே ஒவ்வொரு கம்பையும் விரித்துப் பார்த்து, சேராத மூட்டு ஒன்று இருந்தாலும் அந்தக் கூடாரத்தைத் தனியே ஒதுக்கி வைத்துவிட வேண்டும்.

கூடாரம் விற்போருக்கும் ஒரு வேண்டுகோள். கிழிந்த துணிக்கு ஒட்டுத்துண்டு கொடுப்பதைப் போல, நான்கு மீட்டர் எலாஸ்டிக் கயிறும் இரண்டு முனைமூடிகளும் பையில் வைத்துக் கொடுங்கள். கயிறு எப்படியாவது கிடைத்துவிடுகிறது. முனைமூடி தனியாக எங்கும் கிடைப்பதில்லை. தொலைந்த நான்கு மூடிகளுக்கு மாற்றுத் தேடி நான் மூன்று ஊர்களில் அலைந்தும் கிடைக்காமல், கடைசியில் ஒரு லேத் பட்டறையில் சொல்லிக் கடைந்து வாங்கினேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சாரண ஆசிரியர்,
சேலம் மாவட்டம்.