எங்கள் பையனுக்காக நின்ற எல்லோருக்கும்

தெருக்காரர்களுக்கும், பள்ளிக்கும், மருத்துவமனையில் எங்களோடு இருந்தவர்களுக்கும் வணக்கம்.

எங்கள் பையன் கஞ்சாப் பழக்கத்தில் சிக்கி, மருத்துவமனையில் இருந்து மீண்டு வந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும், நடந்ததை எல்லாம் திரும்ப எழுதப் போவதில்லை. நேற்று டாக்டர், "இனி மாதம் ஒரு தடவை வந்தால் போதும்மா" என்று சொன்னார். வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். நாளைக்குத் தள்ளிப்போட மனசு வரவில்லை.

முதலில் மூன்றாம் வீட்டு அத்தைக்கு. சொந்தம் இல்லை, ஆனாலும் என் மகன் அவரை அப்பத்தா என்றுதான் கூப்பிடுவான். தான் செய்ததை ஓர் உதவி என்றே அவர் ஒத்துக்கொள்ள மாட்டார், அதனால்தான் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன்.

பையன் வார்டிலிருந்து வீட்டுக்கு வந்த புதிது. தெருவில் யாரும் அவன் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. குறையாகச் சொல்லவில்லை, வயசுப் பிள்ளைகள் இருக்கிற வீடு பயப்படத்தான் செய்யும். அவனும் வெளியே வரவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு மேல்தான் அவனுக்குக் கஷ்டம். பழைய கூட்டாளிகளோடு கூடுகிற நேரம் அது. அந்த நேரத்தில் ஒருநாள், அரவிந்த் கண் மருத்துவமனையில் கண்புரை ஆபரேஷன் முடித்த கறுப்புக் கண்ணாடியோடு அத்தை எங்கள் வாசலில் வந்து நின்றார். என்னிடம் ஒன்றும் பேசவில்லை. நேராக அவனைப் பார்த்து, "ஏய்யா, எனக்குச் சொட்டு மருந்து விட ஆளில்ல. கொஞ்சம் வந்துட்டுப் போ" என்றார்.

அவன் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன்.

கண்புரைக்கு அப்புறம் சொட்டு மருந்து விடுவது லேசான வேலை இல்லை. சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கீழ் இமையை இழுத்துப் பிடித்து, பாட்டில் நுனி கண்ணில் படாமல் ஒரே ஒரு சொட்டு விட வேண்டும். இரண்டாவது மருந்துக்கு முன்னால் ஐந்து நிமிடமாவது பொறுக்க வேண்டும். ஆரம்பத்தில் ஒரு நாளைக்குப் பல தடவை, பிறகு வாரத்துக்கு வாரம் குறைத்து, ஏறக்குறைய ஆறு வாரம் ஓடும். முதல் நாள் இவன் கை நடுங்கி மருந்து கன்னத்தில் வழிந்ததாம். "ஆபரேஷன் கண்ணுலய்யா, கன்னத்துல இல்ல" என்று அத்தை சிரித்தாராம். அதை என்னிடம் வந்து சொன்னபோது அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலம் ஆகியிருந்தது!

இடைப்பட்ட அந்த ஐந்து நிமிடங்களில் அத்தை அவனிடம் ஒரு நாள்கூட பழக்கத்தைப் பற்றிக் கேட்டதில்லை. தக்காளி என்ன விலை, உன் அப்பா ஊரில் மழை உண்டா என்று இப்படித்தான் பேச்சு. பீரோ சாவி மேசைமேல் கிடக்குமாம். கண்ணை மூடிக்கொண்டு அவன் முன்னால் அப்படியே சாய்ந்திருப்பாராம். "அப்பத்தா எதையுமே எடுத்து வைக்கல்லம்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டு அவன் உள்ளே போய்விட்டான். நான் அடுப்பை அணைத்துவிட்டு அழுதேன்.

வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது, அத்தையைப் பார்த்துக்கொள்ள அவருடைய மருமகள் லீவு போட்டு வீட்டிலேயேதான் இருந்திருக்கிறாள். சொட்டு மருந்துக்கு ஆள் இல்லாமல் இல்லை.

கவுன்சலரிடம் இதைச் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு முழுதாகக் கேட்டுக்கொண்டார். கஞ்சாவை நிறுத்தியதும் வருகிற எரிச்சலும் தூக்கமின்மையும் முதல் வாரத்தில் கடுமையாக இருந்து, பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தணிந்துவிடும். அதற்கப்புறம் காலியாகிற பொழுதுதான் பெரிய சவால் என்று விளக்கினார். அந்தப் பழக்கத்துக்கென்று தனி மாத்திரை கிடையாது. பேச்சும், குடும்பமும், பிள்ளைக்கு மதிப்புத் தருகிற ஒரு வேலையும்தான் மருந்து. வளரிளம் பிள்ளைகளுக்கான சிகிச்சை முறைகளில் இதற்கென்றே நேரம் ஒதுக்குகிறார்கள். எங்களுக்கு அதை அத்தை கொடுத்தார்.

கவுன்சலருக்கும் நன்றி. பையன் வர மாட்டேன் என்று முரண்டு பிடித்த நாட்களில், அவன் இல்லாமலே எங்கள் இருவரையும் உட்கார வைத்துப் பேசியவர் அவர். தெளிவாக இருக்கும்போது பக்கத்தில் போங்கள், பிடித்ததைச் சமைத்துக் கொடுங்கள். போதையில் வந்தால் சண்டை வேண்டாம், விலகிவிடுங்கள் என்று பழக்கினார். அமெரிக்காவில் 1999-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கு இந்த மாதிரிப் பயிற்சி கொடுத்ததில் 64 சதவீதம் பேர் தங்கள் ஆளைச் சிகிச்சைக்கு வரவைத்தார்களாம். எல்லோரும் கூடி எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்கிற முறையில் 30 சதவீதம்தான். மந்திரித்துக் கயிறு கட்டு, அடித்துத் திருத்துகிற இடத்தில் விடு என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், அந்தக் கணக்கு எனக்கு எவ்வளவு தெம்பு தந்தது என்று அவருக்குத் தெரியாது.

வார்டில் இரவு முழுக்க விழித்திருந்த நர்ஸ்களுக்கு, வருகைப் பதிவு குறைந்தும் பரீட்சை எழுத வழி செய்த தலைமை ஆசிரியருக்கு, ராத்திரி எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் வந்த ஆட்டோ தம்பிக்கு, பணம் கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்காத என் நாத்தனாருக்கு, அண்ணனைப் பற்றிப் பள்ளியில் கேட்டவர்களுக்குத் தலைநிமிர்ந்து பதில் சொன்ன என் சின்ன மகளுக்கு, என் நன்றி.

நான் முடிவு செய்திருப்பதையும் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை காலை மருத்துவமனையில் நடக்கிற குடும்பக் கூட்டத்துக்கு, பையனுக்குத் தேவை இல்லாமல் போனாலும் நான் தொடர்ந்து போவேன். புதிதாக வருகிற அம்மாக்களுக்குப் பக்கத்தில் உட்காருவேன். எனக்கு அன்று தெரியாமல் தவித்ததை அவர்களுக்குச் சொல்ல வேண்டும். 2017 மனநலச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையைப் பெரியவர்களோடு சேர்த்து வைக்கக் கூடாது, வீட்டு ஆள் ஒருவர் கூடவே தங்க வேண்டும். அதனால் பிள்ளையை எங்கேயோ தள்ளிவிட்டு வருகிறோம் என்று அழ வேண்டாம். போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயந்து வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டாம். சிறிய அளவுக்காக வழக்கில் சிக்கியவர் தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை எடுத்தால், போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது. நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் போதை மீட்பு உதவி எண்ணான 14446-க்குப் போன் போடுங்கள், கட்டணம் இல்லை.

அத்தைக்கு இன்னொரு கண்ணும் பார்க்க வேண்டியிருக்கிறது. தேதி முடிவானால் முதலில் தன்னிடம் சொல்ல வேண்டும் என்று பையன் கேட்டு வைத்திருக்கிறான்.

உங்களில் யாருக்காவது வீட்டில் இப்படி ஒரு கவலை இருந்தால் என்னிடம் வரலாம். காலை, மாலை என்று பார்க்க வேண்டாம். வெளியே யாரிடமும் சொல்ல மாட்டேன்.

ஓர் அம்மா,
மதுரை