அந்தக் கழிப்பறையின் பூட்டை எடுங்கள்: ஒரு பொழுதுபோக்குப் பூங்கா நிர்வாகத்துக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய பூங்கா நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். எங்கள் புகாருக்கு நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல் கிடைத்தது. விருந்தினரின் பாதுகாப்பே உங்கள் முதல் கடமை என்றும், உடல்நிலை காரணமாகச் சில ராட்டினங்களில் சிலரை ஏற்ற இயலாது என்றும், அதனால் நேர்ந்த மனக்கஷ்டத்துக்கு வருந்துவதாகவும் அதில் எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் ராட்டினத்தைப் பற்றிப் புகார் செய்யவே இல்லை. பூட்டிக் கிடந்த கழிப்பறையைப் பற்றி எழுதியிருந்தோம். உங்கள் பதிலில் கழிப்பறை என்ற சொல்லே இல்லை. தனியாக எழுதினால் படிக்க மாட்டீர்கள் என்று தெரிந்துவிட்டதால் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

என் தோழியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. உங்கள் முன்பதிவுப் பட்டியலில் அது இருக்கிறது. அவளுடைய உடலைப் பற்றி இதில் வருவதையெல்லாம் அவள் படித்துப் பார்த்துவிட்டாள். "எதையும் மறைக்காதே. நாங்கள் வெட்கப்பட்டு மறைப்பதால்தான் இவர்களுக்கு எதுவும் தெரிவதில்லை" என்றாள்.

சாலை விபத்தில் அவளுக்குத் தண்டுவடம் அடிபட்டது. மார்புக்குக் கீழே உணர்வு கிடையாது. கைகளுக்கு ஒரு குறையும் இல்லை. வேலூர் பாகாயத்தில் உள்ள மறுவாழ்வு மையத்தில் தங்கி, சக்கர நாற்காலியில் வாழக் கற்றுக்கொண்டாள். அந்த மையத்தை உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸும் 1954இல் நடந்த ஒரு விபத்தில் தண்டுவடம் அடிபட்டவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். அவர் பெயரைச் சொல்லித்தான் என் தோழி சோர்ந்த நாட்களில் தன்னைத்தானே எழுப்பிக்கொள்வாள். இன்று வங்கியில் வேலை பார்க்கிறாள், கைகளால் இயக்கும் காரை ஓட்டுகிறாள், தன் அம்மாவைக் கவனித்துக்கொள்கிறாள். விபத்துக்குப் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து கிளம்பிய முதல் விடுமுறை இது. இரண்டு நாட்களுக்கும் டிக்கெட் வாங்கியிருந்தோம்.

சக்கர நாற்காலியில் இருப்பவர் பயணம் கிளம்புவதற்கு முன் கழிப்பறைகளைத்தான் முதலில் விசாரிக்க வேண்டியிருக்கிறது. அவளும் விசாரித்தாள். நாங்கள் தங்கிய லாட்ஜ்காரரிடம் குளியலறைக் கதவின் அகலத்தை டேப் வைத்து அளந்து சொல்லும்படி தொலைபேசியில் கேட்டாள். அந்த மனிதர் முகம் சுளிக்காமல் அளந்து சொன்னார். உங்கள் இணையதளத்தில் கழிப்பறை வசதிகளுக்கு நேரே சக்கர நாற்காலிப் படம் போட்டிருந்தது. அது போதாது என்று உங்கள் அலுவலகத்துக்கும் பேசினாள். "இருக்கிறது மேடம், தாராளமாக வாருங்கள்" என்றார்கள். வேறு பூங்காக்களை விட்டுவிட்டு உங்களிடம் வந்ததற்கு அந்த ஒரு பதில்தான் காரணம்.

ராட்டினங்களைப் பற்றி நீங்களே பேச்சை எடுத்துவிட்டதால் அதையும் சொல்லி முடித்துவிடுகிறேன். 2011 ஜூலையில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ஈராக் போரில் இரண்டு கால்களையும் இழந்திருந்த ஜேம்ஸ் ஹேக்கமர் என்ற படைவீரர் ரோலர் கோஸ்டரிலிருந்து தூக்கி வீசப்பட்டு இறந்தார். மடியையும் தொடையையும் அழுத்திப் பிடிக்கும் தடுப்பு, கால் இல்லாத உடலைப் பிடித்து நிறுத்தவில்லை. இது என் தோழிக்குத் தெரியும். எந்த ராட்டினத்தில் தன் இடுப்பு நிற்கும், எதில் நிற்காது என்பதை உங்கள் ஊழியர்களைவிட அவள் நன்றாக அறிவாள். பெரிய ராட்டினங்களின் பக்கம் அவள் போகவே இல்லை. பூங்காவைச் சுற்றி வரும் குட்டி ரயிலில் ஏறினாள். அலைக்குளத்தின் ஓரத்தில் சக்கரங்களை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் கத்துவதைப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து நீண்ட நாள் ஆகியிருந்தது. காலைப் பொழுது நன்றாகத்தான் போயிற்று. போகிற இடத்தில் எல்லாம் உங்கள் ஊழியர்கள் அவளிடம் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்டார்கள். "இவர்களால் உட்கார முடியுமா?" என்று அவள் தலைக்கு மேலே பார்த்துக் கேட்டார்கள். அவள் அதற்குப் பழகிவிட்டாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

மதியம் அவளுடைய கைப்பேசியில் அலாரம் அடித்தது. சிறுநீர் முட்டுவது அவளுக்குத் தெரியாது. அதனால் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்து, கதீட்டர் என்னும் மெல்லிய குழாயைச் செலுத்தி, சிறுநீரை வெளியேற்ற வேண்டும். அதற்கு அவளுக்குத் தேவை அகலமான ஒரு கதவு, உள்ளே ஒரு தாழ்ப்பாள், கை கழுவத் தண்ணீர், கொஞ்சம் வெளிச்சம். மற்றதெல்லாம் அவள் பையிலேயே இருக்கிறது. அந்தப் பையைத்தான் காலையில் வாசலில் சோதனை என்ற பெயரில் பிரித்து, கதீட்டர் உறைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மேசைமேல் பரப்பினீர்கள். அதையும் அவள் பொறுத்துக்கொண்டாள்.

சக்கர நாற்காலிப் படம் போட்ட கதவில் பூட்டுத் தொங்கியது. துப்புரவுப் பணியாளர் ஒருவரிடம் கேட்டோம். சாவி மேற்பார்வையாளரிடம் இருக்கிறது என்றார். மேற்பார்வையாளர் சாப்பிடப் போயிருந்தார். வேறொருவர் ஓடிப் போய் ஒரு சாவிக்கொத்தைக் கொண்டு வந்தார். அதில் எதுவும் பொருந்தவில்லை. பக்கத்திலிருந்த பெண்கள் கழிப்பறைக்குப் போனோம். வாசலில் இரண்டு படிகள். உள்ளே கதவுகளின் அகலத்துக்குச் சக்கர நாற்காலி நுழையாது. வரிசையில் நின்ற பெண்கள் நாற்காலியோடு தூக்கிவிடுகிறோம் என்றார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். தூக்கியிருந்தாலும் அந்தக் குறுகிய கதவுக்கு வெளியே, அத்தனை பேர் முன்னிலையில், அவளால் என்ன செய்திருக்க முடியும்?

திரும்பவும் பூட்டிய கதவுக்கு வந்தோம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அலாரம் அடித்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவள் பேச்சைக் குறைத்தாள். பிறகு "தலை வலிக்கிறது" என்றாள். முகமும் கழுத்தும் சிவந்து வியர்வை வழிந்தது.

அந்தத் தலைவலி என்னவென்று உங்களுக்குத் தெரியாது என்பதால் விளக்குகிறேன். மார்பு முதுகெலும்பின் ஆறாவது முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு, சிறுநீர்ப்பை நிரம்பி, சிறுநீர் வெளியேற வழியில்லாமல் நின்றால் ரத்த அழுத்தம் திடீரென்று எகிறும். நிரம்பிய பை அனுப்பும் செய்தி மூளைக்குப் போய்ச் சேராது. அடிபட்ட இடத்துக்குக் கீழே ரத்தக் குழாய்கள் இறுகிக்கொள்ளும். இறுக்கத்தைத் தளர்த்தச் சொல்லி மூளை இடும் கட்டளையும் கீழே இறங்காது. உடனே சிறுநீரை வெளியேற்றாவிட்டால் மூளையில் ரத்தக்கசிவு வரை போகலாம். தண்டுவடக் காயம் பட்டவர்களுக்கு மறுவாழ்வு மையத்தில் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடங்களில் இது ஒன்று. உங்கள் பூங்காவில் அந்த மதியம் ஒரு பூட்டும் சாப்பாட்டு நேரமும் சேர்ந்து அவளை அந்த இடத்துக்குக் கொண்டு வந்து நிறுத்தின.

முதலுதவி அறைக்குத் தள்ளிக்கொண்டு ஓடினேன். அங்கே இருந்த செவிலியர் பார்த்த உடனே புரிந்துகொண்டார். படுக்க வைக்காமல் நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான உடைகளைத் தளர்த்தினார். ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் திரையை இழுத்தார். திரை பாதியில் நின்றுவிட்டது. அறைக் கதவின் நடுவில் கண்ணாடி. வெளியே ஆட்கள். நான் துப்பட்டாவை விரித்து அந்தக் கண்ணாடிக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றேன். என் முதுகுக்குப் பின்னால் என் தோழி தன் உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். யாரோ வெளியிலிருந்து கைப்பிடியைத் திருகினார்கள். "பொறுங்கள்" என்று கத்தினேன். அந்தச் செவிலியருக்கு நாங்கள் இருவரும் கடமைப்பட்டிருக்கிறோம். அவரைப் பாராட்டி ஒரு வரியாவது எழுதிக் கொடுங்கள்.

அதற்குப் பிறகு சாவி வந்தது. கதவைத் திறந்து காட்டும்படி நான்தான் வற்புறுத்தினேன். உள்ளே துடைப்பங்கள், பினாயில் கேன்கள், உடைந்த பிளாஸ்டிக் நாற்காலிகள், ஏதோ பண்டிகைக்குக் கட்டிய தோரணங்கள். சுவரில் எஃகுக் கைப்பிடி இருந்தது. நாற்காலியிலிருந்து ஒருவர் தன்னைத் தூக்கி மாற்றி உட்காரப் பிடிக்கும் கைப்பிடி அது. அதில் தரை துடைக்கும் துணிகளை உலர்த்தியிருந்தார்கள்.

என்னை மிகவும் கோபப்படுத்தியது எது தெரியுமா? அந்த அறை மிக நன்றாகக் கட்டப்பட்டிருக்கிறது. கதவு வெளிப்பக்கம் திறக்கிறது. அகலம் தாராளமாக இருக்கிறது. நாற்காலி ஒரு முழுச் சுற்றுத் திரும்ப இடம் இருக்கிறது. கை கழுவும் தொட்டி முழங்காலை இடிக்காத உயரத்தில் இருக்கிறது. யாரோ ஒரு கட்டிடக் கலைஞர் இதையெல்லாம் அறிந்து, அக்கறையோடு வரைந்திருக்கிறார். நீங்களும் பணம் செலவழித்துக் கட்டியிருக்கிறீர்கள். அத்தனையும் செய்துவிட்டுப் பூட்டி வைத்திருக்கிறீர்கள். ஆகவே நாங்கள் கேட்பதற்கு உங்களுக்கு ஒரு ரூபாய் செலவு கிடையாது. பூட்டை எடுங்கள். பொருட்களை வெளியே எடுங்கள்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உங்கள் சட்டப் பிரிவுக்குத் தெரிந்திருக்கும். பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டிடங்களும் அதில் அடங்கும். பொழுதுபோக்குக்கான இடங்களையும் அது பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் தடையின்றி வந்துபோவதற்கான அணுகல் விதிகளுக்கு உட்படாத கட்டிடத்துக்கு நிறைவுச் சான்றிதழ் தரக் கூடாது என்கிறது அதன் 44ஆவது பிரிவு. 2024 நவம்பர் 8ஆம் தேதி ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் வசதி வெறும் பரிந்துரையாக இருக்க முடியாது, குறைந்தபட்ச அளவையாவது கட்டாயமாக்க வேண்டும் என்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. கைப்பிடி பொருத்திய அறை வரைபடத்தில் இருந்தால் போதும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அந்த அறைக்குள் ஒரு பெண் போய்வர முடிய வேண்டும்.

இதை எழுதும்போது உங்கள் பூங்காவோடு நிறுத்திக்கொள்ள மனம் வரவில்லை. எங்கள் ஊரில் சாய்வுப்பாதை வைத்த கட்டிடங்கள் நிறைய வந்துவிட்டன. பாதிக்கு மேல் சாய்வுப்பாதைகளில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. திருமண மண்டபங்களில் பந்தி மாடியில் நடக்கிறது, லிஃப்டில் சாப்பாட்டுப் பாத்திரங்கள் போய்வருகின்றன. ஏடிஎம்முக்கு நான்கு படிகள். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனால் என் தோழி முந்தின நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறாள். தண்ணீர் குறைந்தால் சிறுநீர்த் தொற்று, தொற்று வந்தால் காய்ச்சல், காய்ச்சல் வந்தால் விடுப்பு. ஒரு கழிப்பறை இல்லாததால் ஒரு மனுஷி எத்தனை இடங்களுக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்துவிடுகிறாள் என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. வெளியே ஆட்களே தென்படாததால் "இங்கே யார் வருகிறார்கள், பூட்டி வைத்தால் என்ன" என்று நீங்களும் நினைத்துவிடுகிறீர்கள். உங்கள் மேற்பார்வையாளர் எங்களிடம் சொன்னதும் அதுவேதான். "யாரும் வருவதில்லை மேடம்" என்றார். பூட்டிய கதவை நம்பி யார் வருவார்கள்?

மனம் வைத்தால் நம் ஊரிலேயே செய்ய முடிகிறது. சென்னை மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் கடலருகே போக 2022 நவம்பரில் மரப்பாதை போட்டார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. சரிசெய்து மறுபடியும் திறந்தார்கள். அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் 2010இல் திறந்த மோர்கன்ஸ் வொண்டர்லேண்ட் பூங்காவில் சக்கர நாற்காலியோடு ஏறும் ராட்டினங்களே இருக்கின்றன. மாற்றுத்திறனாளிகளுக்கு நுழைவுக் கட்டணமும் இல்லை. அவ்வளவு பெரியதை நாங்கள் உங்களிடம் கேட்கவில்லை. கட்டணத்தைக் குறைக்கவும் சொல்லவில்லை. அவளும் நானும் ஒரே விலை கொடுத்தோம், ஒரே 18 சதவீத வரியும் கட்டினோம். அந்த விலைக்கு எனக்குக் கழிப்பறை கிடைத்தது, அவளுக்குக் கிடைக்கவில்லை.

கோபத்தில் நீட்டி எழுதிவிட்டேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். வேண்டுகோளைப் பணிவோடு மறுபடியும் வைக்கிறேன். அந்தக் கழிப்பறையை உடனே காலி செய்து, பூங்கா திறந்திருக்கும் நேரம் முழுவதும் பூட்டின்றி வைத்திருங்கள். கூட்டம் பயன்படுத்தி அசுத்தமாகிவிடும் என்று அஞ்சினால் மற்றக் கழிப்பறைகளைப் போலவே அதற்கும் ஓர் ஆளை நியமியுங்கள். சாவிதான் தீர்வு என்று மட்டும் சொல்லாதீர்கள். முதலுதவி அறைக் கதவின் கண்ணாடிக்குத் திரை போடுங்கள். பை சோதனையில் மருத்துவப் பொருட்கள் இருந்தால் மறைவாகப் பாருங்கள். கேட்க வேண்டியதை நாற்காலியில் இருப்பவரிடமே கேட்கும்படி ஊழியர்களுக்குச் சொல்லுங்கள்.

அன்று உங்கள் மேலாளர் இரண்டாம் நாளுக்கான டிக்கெட் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். உணவுக் கூப்பன்களையும் நீட்டினார். இரண்டையும் வாங்கிக்கொள்ளாமல் ஊருக்குத் திரும்பினோம். பணம் வேண்டாம். அந்த இரண்டாம் நாள் எங்களுக்கு வேண்டும். எந்தத் தேதியிலிருந்து அந்தக் கதவு திறந்திருக்கும் என்று எழுத்துமூலம் தெரிவியுங்கள். அந்தத் தேதிக்குப் பிறகு வரும் முதல் விடுமுறையில் ரயிலுக்கு முன்பதிவு செய்கிறோம். அலாரம் அடித்ததும் நேராக அந்தக் கதவுக்குத்தான் வருவோம். உங்கள் அதிகாரிகளில் ஒருவரும் அப்போது அங்கே இருந்தால் நல்லது.

பதிலை எதிர்பார்த்து,
கும்பகோணத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை