என் குரல் போன நாட்களில் எனக்காகப் பாடியவர்களுக்கு

கிறிஸ்துவுக்குள் அன்பான பாடகர் குழுவினருக்கும், எனக்காக ஜெபித்த சபையார் எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

இந்த நன்றியை நேரிலேயே சொல்லியிருக்கலாம். இப்போது என்னால் பேச முடிகிறது. ஆனால் போன ஞாயிறு சாட்சி சொல்ல எழுந்தபோது இரண்டு வாக்கியத்துக்குள் தொண்டை அடைத்துவிட்டது. இந்த முறை நோயினால் அல்ல, அழுகையினால். அதனால் எழுதுகிறேன்.

10 மாதங்களுக்கு முன் தைராய்டு கட்டிக்காக எனக்கு அறுவை சிகிச்சை நடந்தது உங்களுக்குத் தெரியும். அந்தச் சுரப்பியை ஒட்டியே குரல்நாண்களை அசைக்கும் நரம்பு ஓடுகிறது. அது பாதிக்கப்படக்கூடும் என்று மருத்துவர் முன்பே எச்சரித்திருந்தார். கண் விழித்து வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. இடப்பக்கக் குரல்நாண் அசையவில்லை. இரண்டும் நெருங்கி வந்து அதிர்ந்தால்தான் ஒலி பிறக்கும். ஒன்று நின்றுவிட்டதால் மூச்செல்லாம் இடைவெளி வழியே வெளியேறிவிட்டது. ஒரு வாய் தண்ணீர் குடித்தாலும் புரையேறியது. நரம்பு தானாகவே தேறலாம், ஆறு மாதமோ ஒரு வருடமோ பொறுத்துப் பார்ப்போம் என்றார்கள்.

17 ஆண்டுகள் சோப்ரானோ வரிசையில், அதாவது உச்சப் பெண்குரல் பாடுகிறவர்களோடு, நின்றவள் நான். அப்பாவின் அடக்க ஆராதனையிலும் நின்று பாடினேன். எனக்குக் கண்ணை மூடி ஜெபிக்கத் தெரிந்ததைவிடப் பாடி ஜெபிக்கத்தான் தெரியும். எந்தத் துன்பத்திலும் நான் ஊன்றி நின்ற கோலே முறிந்துபோயிற்று. தேவனைத் துதி என்று யாராவது சொன்னால், எதைக்கொண்டு துதிப்பது என்று உள்ளுக்குள் கோபம் வந்தது. உங்களிடம் இதை மறைக்க விரும்பவில்லை.

தாழ்ந்த பெண்குரலான ஆல்ட்டோ வரிசையில் பாடும் தங்கைக்கு முதல் நன்றி. நான் வீட்டுக்கு வந்த முதல் நாள் இரவு ஒன்பதரைக்குத் தொலைபேசி அடித்தது. "அக்கா, நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். கேட்டால் போதும்" என்றாள். ஒரு பாட்டு பாடினாள், வைத்துவிட்டாள். மறுநாளும் அதே நேரம். ஏழு மாதங்கள் ஒரு நாளும் தவறவில்லை. சளி பிடித்திருந்த வாரத்தில்கூட மூக்கடைப்போடு பாடினாள். குரல் எப்படி இருக்கிறது என்று ஒரு தடவையும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்ததற்கு எவ்வளவு அன்பு வேண்டும் என்று எனக்குத் தெரியும். பயத்தில் மேலும் கீழும் வாங்கிய என் மூச்சு, அவளுடைய பாட்டின் நடைக்கு மெல்ல மெல்ல நீளும். மூச்சை நிதானமாக நீட்டி விட்டால் நெஞ்சின் படபடப்பு தணியும் என்று குரல் பயிற்சி அளித்த அம்மா பின்பு விளக்கினார். எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம், அந்தப் பாட்டுக்குப் பிறகு தூங்க முடிந்தது என்பதுதான்.

குழுவை நடத்தும் அண்ணனுக்கு நான் விலகுவதாக எழுதிக் கொடுத்திருந்தேன். அவர் அதை மடித்து என் பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்துத் திருப்பித் தந்தார். "உங்கள் இடத்தில் வந்து உட்காருங்கள். பாட வேண்டாம்." போனேன். முதல் இரண்டு வாரம் வேதனையாகத்தான் இருந்தது. மூன்றாம் வாரம் ஒன்று புரிந்தது. 17 வருடங்களாக நான் என் பாகத்தை மட்டுமே கேட்டிருக்கிறேன். இப்போதுதான் ஆல்ட்டோ எங்கே தாங்குகிறது, உயர்ந்த ஆண்குரலான டெனர் எங்கே ஏறி வருகிறது என்று முழுப் பாட்டையும் கேட்டேன். அடிக்குரலான பேஸ் பாடும் அண்ணன்மார் பாடும்போது நான் உட்கார்ந்திருந்த பெஞ்சின் பலகை அதிர்ந்தது. உங்கள் துதி என் உடம்புக்குள் அப்படித்தான் வந்து சேர்ந்தது.

அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலையை நாம் எத்தனையோ முறை வாசித்திருக்கிறோம். அடிபட்ட முதுகோடு, தொழுமரத்தில் மாட்டிய கால்களோடு பவுலும் சீலாவும் நடுராத்திரியில் பாடினார்கள். நான் எப்போதும் அந்த இருவரைப் பற்றியே யோசித்திருக்கிறேன். இந்த வருடம்தான் மற்றக் கைதிகள் கண்ணில் பட்டார்கள். அவர்கள் பாடியதாக எழுதப்படவில்லை; கேட்டுக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். ஆனால் பூமி அதிர்ந்தபோது எல்லாருடைய கட்டுகளும் கழன்றன. பாடியவர்களுடைய கட்டுகள் மட்டுமல்ல. இருட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அந்தக் கைதிகளில் ஒருத்தியாக நான் இருந்தேன். பாடியது நீங்கள்.

வாய்விட்டுத் துதித்திருந்தால் உடனே சுகம் கிடைத்திருக்கும், விசுவாசம் போதவில்லை என்று சொன்னவர்களும் உண்டு. அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை, ஆனால் அந்தப் பேச்சை நான் ஏற்கவில்லை. வேதத்தின் 150 சங்கீதங்களில் 88ஆம் சங்கீதம் ஒரு ஆறுதல் வார்த்தைகூட இல்லாமல் முடிகிறது. அதுவும் பாடுவதற்கென்றே, ஆலயப் பாடகரான கோராகின் புத்திரருக்குக் கொடுக்கப்பட்டது. நம் பாடகர் குழுவின் மூத்த அம்மா ஒரு மாலை வந்து, வேறு ஒன்றும் சொல்லாமல் அதை வாசித்துவிட்டுப் போனார். என் மனநிலைக்கும் வேதத்தில் ஒரு இடம் இருக்கிறது என்று அன்று தெரிந்துகொண்டேன். அம்மா, அந்த மாலைக்கு நன்றி.

பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர்களுக்கும், மருத்துவமனையில் இரவு விழித்திருந்தவர்களுக்கும், கட்டணத்தில் பங்கெடுத்து இன்றுவரை பெயர் சொல்லாதவர்களுக்கும் நன்றி.

எனக்குக் கொடுத்த குரல் பயிற்சி என்பது தண்ணீர்க் குவளைக்குள் குழலை விட்டு, குமிழி எழும்ப ஊதிக்கொண்டே 'ம்' என்று முனகுவது. மாதக்கணக்கில் குமிழி மட்டும்தான் வந்தது. ஏழாம் மாதம் ஒரு இரவு, தங்கை பாடிக்கொண்டிருக்கும்போது என்னை அறியாமலே முனகினேன். ஒலி வந்தது. கரகரப்பாக, தாழ்ந்து, ஆனால் சுருதியோடு வந்தது. அந்தப் பக்கம் பாட்டு நின்றது. கொஞ்ச நேரம் இருவரும் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவள் சுருதியைக் குறைத்து, அதே அடியை எனக்காக மறுபடி தொடங்கினாள்.

இடப்பக்கம் இப்போது ஓரளவு அசைகிறது. உச்ச சுரங்கள் இனி எட்டாது. அண்ணா, சோப்ரானோ முன்வரிசையில் இத்தனை மாதம் காத்து வைத்திருந்த என் இடத்தை இளம்பெண் ஒருத்திக்குக் கொடுங்கள். வருகிற பயிற்சிக்கு ஆல்ட்டோ வரிசையில், என் தங்கைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி போடுங்கள்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் சகோதரி