நெடுவரிசைப் பெயரை மாற்றும் முன்

டேட்டாபேஸ் குழுவில் இருக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, வாடிக்கையாளர் டேபிளில் 'டெல்_நோ' என்றிருந்த நெடுவரிசை 'மொபைல்' என்று மாறியது. நல்ல பெயர்தான், மறுக்கவில்லை. ஆனால் பைத்தான் கோடை டேட்டாபேஸோடு இணைக்கும் எஸ்க்யூஎல்ஆல்கெமியில், டேபிள்கள் எப்படி இருக்கும் என்று பில்லிங் ஆப் எழுதும் நாங்கள் எழுதிவைத்த மாடலுக்கு அது தெரியாதே. திங்கள் காலை பில்லிங் திரையே திறக்கவில்லை.

அதைவிடப் பெரிய ஆபத்து அப்புறம்தான் வந்தது. எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி, மாடலையும் டேட்டாபேஸையும் ஒப்பிட்டு மைக்ரேஷன் (டேட்டாபேஸின் அமைப்பை மாற்றும் ஃபைல்) எழுதும் வேலையை அலெம்பிக் என்ற கருவியிடம் விட்டார். பெயர் மாறியிருக்கிறது என்பதை அலெம்பிக் தானாகக் கண்டுபிடிக்காது. பழைய பெயரை டேட்டாபேஸில் காணோம், அதனால் சேர். புதிய பெயர் மாடலில் இல்லை, அதனால் நீக்கு. இப்படித்தான் எழுதும். அந்த ஃபைலை ஓட்டியிருந்தால் அத்தனை வாடிக்கையாளர்களின் கைப்பேசி எண்களும் போயிருக்கும். முன்பே படித்துப் பார்த்ததால் தப்பித்தோம். நாங்கள் மாடல் எழுதாத உங்கள் டேபிள்களுக்கும் அதே ஃபைலில், டேபிளையே நீக்கிவிடும் 'டிராப் டேபிள்' வரிகள் இருந்தன. அவற்றை ஒதுக்கிவிடச் சொல்லும் வடிகட்டியை நாங்கள் முதல் நாளே போட்டிருக்க வேண்டும். அது எங்கள் தவறு.

இந்த டேட்டாபேஸ் எங்கள் ஆப்புக்கு மூத்தது. ரிப்போர்ட்டுகள், இரவில் ஓடும் வேலைகள் எல்லாம் இதை நம்பி இருக்கின்றன. எனவே எங்கள் மாடல்தான் உங்களைப் பின்தொடர வேண்டும். அதற்கு உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: மாற்றும் ஸ்க்ரிப்ட்டை ஓட்டுவதற்கு ஒரு நாள் முன்பாவது எங்கள் கோடை வைத்திருக்கும் கிட் களஞ்சியத்தில் போடுங்கள். ட்ரிகரில் (டேட்டா மாறும்போது டேட்டாபேஸ் தானாக ஓட்டும் கோடில்) நடக்கும் மாற்றம் அலெம்பிக்கின் ஒப்பீட்டில் தெரியவே தெரியாது. உங்கள் ஸ்க்ரிப்ட்டைப் பார்த்துத்தான் நாங்கள் அறிய முடியும். பெயர் மாற்றம் என்றால், புதிய நெடுவரிசையைப் பக்கத்தில் சேர்த்துவிட்டு, எல்லாரும் அதற்கு மாறும் வரை பழையதையும் ட்ரிகர் வைத்து நிரப்பி வாருங்கள்.

எங்கள் பக்கம், மாடலையும் டேட்டாபேஸையும் ஒப்பிடும் 'அலெம்பிக் செக்' கட்டளையைத் தினமும் இரவில் ஓட்டி, வித்தியாசம் தெரிந்தால் உடனே உங்களுக்கு அனுப்புகிறோம். ஆப் பயன்படுத்தும் லாகினிலிருந்து, டேபிளை மாற்றும் ஆல்டர், நீக்கும் டிராப் உரிமைகளையும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். எங்களுக்கு அவை தேவையில்லை.

அடுத்து முகவரி டேபிளை இரண்டாகப் பிரிக்கப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அந்த ஸ்க்ரிப்ட்டிலிருந்தே தொடங்கலாமா?

அன்புடன்,
பில்லிங் ஆப் எழுதும் குழுவிலிருந்து ஒருவன்