டெக் லீட்களுக்கு, சப்போர்ட் டீமிலிருந்து

மென்பொருள் சேவை நிறுவனங்களில் புதுத் திட்டத்துக்கு எந்த ஃபிரேம்வொர்க் என்று முடிவு செய்யும் டெக் லீட்களுக்கும் ஆர்க்கிடெக்ட்களுக்கும்,

வணக்கம். நீங்கள் கட்டி முடித்து, கோ-லைவ் அன்று கேக் வெட்டிவிட்டு அடுத்த திட்டத்துக்குப் போன பிறகு அந்தச் செயலியை வாங்கிக்கொள்ளும் சப்போர்ட் டீமில் ஒருவன் நான். திரைகளைக் கட்ட உதவும் ஆயத்தச் சட்டகமாக, அதாவது ஃபிரேம்வொர்க்காக, ரியாக்டா, ஆங்குலரா, வியூவா என்று நீங்கள் கூடிப் பேசும்போது எங்களில் யாரும் அங்கே இருப்பதில்லை. அதனால்தான் இந்த மடல்.

அங்கே என்ன பேசினீர்கள் என்பது எங்களிடம் வந்து சேரும் ஸ்லைடுகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் எத்தனை ஸ்டார், எது வேகம், பெஞ்சில் (திட்டம் ஒதுக்கப்படாமல்) யார் இருக்கிறார்கள். கடைசிக் கேள்வி நியாயமானது. ரியாக்ட் தெரிந்தவர்கள் தாராளமாகக் கிடைக்கும் ஊரில் ஸ்வெல்ட் என்ற இன்னொரு ஃபிரேம்வொர்க் தெரிந்த ஆளைத் தேடி அலைவானேன்? ஆனால் அந்த வேக அட்டவணை எதற்கு என்றுதான் புரிவதில்லை. ஆயிரம் வரிசைப் பட்டியலை எது சில மில்லிநொடி முந்தி வரைகிறது என்பதை, லீவு விண்ணப்பம் போடும் ஊழியர் கவனிக்கப் போவதில்லை. அவர் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் டேட்டாபேஸ் குவெரிக்காகத்தான்.

அந்த ஸ்லைடுகளில் நான் இதுவரை பார்க்காத கேள்வி ஒன்று உண்டு. இந்தப் பதிப்புக்கு ஆதரவு, அதாவது பிழைத் திருத்தமும் பாதுகாப்புத் திருத்தமும், எந்தத் தேதி வரை, அது முடிந்தால் வெளியே வர என்ன செலவு?

ஆங்குலரின் முதல் வடிவமான ஆங்குலர்ஜேஎஸ்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 2010இல் வந்தது. கூகுள் பின்னால் இருக்கிறது என்ற தைரியத்தில் பலர் அதை எடுத்தார்கள். 2016 செப்டம்பரில் ஆங்குலர் 2 வந்தபோது பெயர்தான் பழையது. ஸ்கோப், கன்ட்ரோலர் என்ற பழைய அமைப்பெல்லாம் போய், டைப்ஸ்கிரிப்ட் மொழியும் காம்பொனென்ட் என்ற திரைத் துண்டுகளுமாக வேறொரு பொருள் நின்றது. பழைய நிரலை அதில் அப்படியே ஏற்ற வழியில்லை. இரண்டையும் ஒரே செயலியில் சேர்த்து ஓட்டியபடி கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற ஒரு கருவி கொடுத்தார்கள். அதற்கு இரண்டு ஃபிரேம்வொர்க்கும் தெரிந்த ஆள் வேண்டும், இரண்டையும் பயனரின் பிரவுசர் இறக்க வேண்டும். பழையதற்கான ஆதரவு 2021 டிசம்பர் 31உடன் முடிந்தது. செயலிகள் முடியவில்லை, இன்னும் ஓடுகின்றன. பாதுகாப்பு ஆடிட்டில் ஆதரவு முடிந்த லைப்ரரி என்று சிவப்பில் வரும், வாடிக்கையாளர் எங்களைக் கேட்பார், மாற்றி எழுத பட்ஜெட் இருக்காது. அப்புறம் அடுத்த ஆடிட்.

இதற்காக ஆங்குலரையே ஒதுக்கச் சொல்லவில்லை. அதற்குப் பின் வந்த ஆங்குலரில் ஏறத்தாழ 6 மாதத்துக்கு ஒரு பெரிய பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் 18 மாத ஆதரவு என்று நாள் குறித்தே தருகிறார்கள். சலிப்பூட்டும் ஒழுங்குதான், எங்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும். அடுத்த வருட வேலையை இப்போதே திட்டத்தில் போட்டுவிடலாம்.

வியூ கதை கொஞ்சம் வேறு. மூன்றாம் பதிப்பு 2020 செப்டம்பரில் வந்தது, இரண்டாவதற்கான ஆதரவு 2023 முடிவோடு நின்றது. மூன்று வருடம் போதுமே என்று தோன்றும். ஆனால் திரையெல்லாம் வியூடிஃபை என்ற ஆயத்தத் திரைக்கூறு லைப்ரரியை வைத்துக் கட்டியிருந்தால், அதன் மூன்றாம் பதிப்பு 2022 இறுதியில்தான் வந்தது. கையில் மிஞ்சியது ஒரு வருடம் சொச்சம். நீங்கள் எடுப்பது ஃபிரேம்வொர்க்கை மட்டுமல்ல, அதைச் சுற்றியுள்ள லைப்ரரிகளையும் சேர்த்துத்தான். ரியாக்டில் இது இன்னும் வெளிப்படை. 2019இல் ஹூக்ஸ் என்ற புது எழுதுமுறை வந்த பிறகும் பழைய கிளாஸ் காம்பொனென்டுகள் உடையாமல் ஓடுகின்றன, அதற்குப் பாராட்டு. ஆனால் ரூட்டர் (பக்கம் மாற்ற), ஸ்டேட் (தரவை நினைவில் வைக்க), பில்டு (நிரலைத் தொகுக்க) கருவிகள் எல்லாம் நீங்களே பொறுக்கிச் சேர்த்தவை. பலர் திட்டத்தைத் தொடங்கப் பயன்படுத்திய கிரியேட் ரியாக்ட் ஆப் என்ற கருவியை, 2025 பிப்ரவரியில் ரியாக்ட் குழுவே இனிப் புதுத் திட்டங்களுக்கு வேண்டாம் என்றது.

இன்னொன்று. நம்மிடம் வருவதில் பாதி, படிவமும் பட்டியலும் ஒப்புதல் பொத்தானும்தான். அதற்குப் பிரவுசரில் ஓடும் தனி முன்பக்கச் செயலி எதற்கு? ஜாங்கோவோ லாரவெல்லோ போன்ற சர்வர் பக்க ஃபிரேம்வொர்க் ஒன்று சர்வரிலேயே பக்கத்தைச் செய்து அனுப்பட்டுமே. ஜாங்கோ 5.2 நீண்டகால ஆதரவுப் பதிப்பு, 2028 ஏப்ரல் வரை பாதுகாப்புத் திருத்தம் உண்டு. வாடிக்கையாளரிடம் காட்ட இதில் பளபளப்பு இல்லை என்பீர்கள். சரி, இல்லைதான்.

விக்கிமீடியா அறக்கட்டளை விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளுக்கு 2020இல் வியூவை எடுத்தபோது, ரியாக்டோடு ஒப்பிட்டு நடந்த விவாதம் பொதுவில் எழுத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் இன்றைக்கும் போய்ப் படிக்கலாம். நம் திட்டங்களில் ஏன் இதை எடுத்தார்கள் என்று கேட்டால், எடுத்தவர் வேலை மாறிப் போய்விட்டார் என்பதுதான் வழக்கமான பதில்.

ஆகவே ஒரு கோரிக்கை. முடிவு ஆவணத்தில் ஒரு பக்கம் கூட்டுங்கள். எடுத்த பதிப்புக்கும் முக்கிய லைப்ரரிகளுக்கும் ஆதரவு முடியும் தேதி, எடுக்காததை ஏன் எடுக்கவில்லை என்ற காரணம், வருடாந்திர மேம்படுத்தலுக்கு ஒப்பந்தத்தில் எத்தனை மனித நாட்கள், இவை அதில் இருக்கட்டும். மனித நாட்கள் என்ற இடத்தில் பூஜ்யம் போடுவதானால், அதை வாடிக்கையாளரிடம் கையெழுத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அப்படியே அடுத்த கூட்டத்துக்கு எங்களில் ஒருவரையும் கூப்பிடுங்கள். அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

இப்படிக்கு,
சப்போர்ட் டீமில் ஒருவன்