முதல் காலடியைக் காட்டியது பார்க்ஸ் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிலவில் மனிதர் இறங்கிய நாளையொட்டி வெளியான கட்டுரையில், ஆம்ஸ்ட்ராங் கால் பதித்த காட்சியை உலகுக்குக் கொடுத்தது ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கி என்று இருந்தது. பலரும் நம்புவதுதான், ஆனால் சரியல்ல. அது வந்தது கான்பெராவுக்குத் தெற்கே மலைப்பகுதியில் இருந்த ஹனிசக்கிள் கிரீக் நிலையத்தின் 26 மீட்டர் ஆண்டெனா வழியாக.

பார்க்ஸின் 64 மீட்டர் டிஷ் அடிவானத்திலிருந்து 30 டிகிரிக்குக் கீழே சாயாது. 1969 ஜூலை 21, காலடி பதிந்த நேரத்தில், அங்கே பகல் 12.56க்கு, நிலா அந்த உயரத்தை எட்டியிருக்கவில்லை. திட்டப்படி வீரர்கள் முதலில் ஓய்வெடுத்திருந்தால் பார்க்ஸுக்கு நேரம் கிடைத்திருக்கும். அவர்கள் முன்கூட்டியே வெளியே வந்துவிட்டார்கள். ஹனிசக்கிள் ஆண்டெனாவுக்கு இந்தத் தடை கிடையாது.

கலிஃபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன் நிலையமும் நிலவிலிருந்து வந்த படத்தைப் பெற்றது. கேமரா இறங்குகலத்தில் தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்ததால், தரையில் ஒரு சுவிட்சைத் தட்டித்தான் படத்தை நிமிர்த்த வேண்டும். கோல்ட்ஸ்டோன் படம் முதலில் தலைகீழாகவே ஒளிபரப்பானது. நிமிர்த்திய பிறகும் கான்ட்ராஸ்ட் எக்கச்சக்கம். ஏணியில் இறங்கியவர் நிழலோடு நிழலாகிவிட்டார். காலடிக்குச் சற்று முன் ஹூஸ்டனில் இருந்த நாசா கட்டுப்பாட்டு மையம் ஹனிசக்கிளுக்கு மாறியது.

நிலவிலிருந்து வந்தது நொடிக்கு 10 படம், படத்துக்கு 320 வரி. அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு 30 படம், 525 வரி வேண்டும். அதற்குச் செய்த ஏற்பாடு இன்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும்: சிறு திரையில் படத்தை ஓடவிட்டு, எதிரே இன்னொரு கேமராவை வைத்துப் பிடித்து, காந்தத் தகட்டில் பதிந்து, அதையே திரும்பத் திரும்ப ஓட்டி இடைவெளியை நிரப்பினார்கள். ஒளிபரப்பு மங்கலாக இருந்ததற்கு இது பெரிய காரணம். நிலவில் எடுக்கவே இல்லை என்று வாதிடுவோர் இதைக் கவனிப்பதில்லை.

ஒளிபரப்பு தொடங்கி ஒன்பதாவது நிமிடத்தில் பார்க்ஸ் படம் வந்ததும் ஹூஸ்டன் அதற்கு மாறி, கடைசிவரை, இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக, அதிலேயே நின்றது. ஹனிசக்கிளைவிட டிஷ்ஷின் பரப்பு ஆறு மடங்கு, படத்தில் இரைச்சல் குறைவு. மணிக்கு 110 கி.மீ. வேகக் காற்றையும் தாங்கி அது செய்த வேலை சாதாரணமானதல்ல. முதல் காலடி மட்டும் அதன் கணக்கில் வராது.

1967இல் திறக்கப்பட்ட ஹனிசக்கிள், அப்பல்லோ நிலவுப் பயணங்களுக்குப் பின், தொலைதூர விண்கலங்களோடு தொடர்புகொள்ளும் நாசாவின் ஆழ்வெளி வலையமைப்பில் சேர்ந்து, 1981இல் மூடப்பட்டது. ஆண்டெனா மட்டும் கான்பெரா அருகே டிட்பின்பில்லா நிலையத்துக்கு இடம் மாறி 2009 வரை உழைத்தது. உங்கள் இணையப் பதிப்பிலாவது நிலையத்தின் பெயரைத் திருத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்