உன் படலையில் ஓர் அறிவித்தல்

எடியே,

இவ்வளவு காலம் சத்தமே இல்லாமல் இருந்தவள் இப்போது ஏன் பக்கம் பக்கமாக எழுதுகிறாள் என்று யோசிப்பாய். காரணம் இருக்கிறது, சொல்கிறேன். அதற்கு முதல் வழமையான செய்திகள்: நான் சுகம், முழங்கால் சுகமில்லை, இவர் இரண்டுக்கும் நடுவில். மகனுக்கு வவுனியாவிலிருந்து மாற்றம் கிடைத்துவிட்டது. குண்டு ரீச்சர் பென்சன் எடுத்த பிறகுதான் கூடுதலாகப் பாடம் எடுக்கிறா, அதுவும் சந்தையில், மீன்காரருக்கு. நீ அனுப்பிய சொக்லேட் வந்து சேர்ந்தது. பாதி உருகி, பாதி இவருடைய வயிற்றுக்குள்.

சரி, இனி விசயத்துக்கு வருகிறேன்.

"நாளைக்கு உங்கள் பக்கம் தண்ணீர் வராதாம், வாளி எல்லாம் நிரப்பி வை" என்று கோல் எடுத்துச் சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா? கந்தளாயிலிருந்து திருகோணமலைக்குக் குழாயில் வருகிற தண்ணீர் என் குசினிக்கு நின்றுபோகப் போகிறது என்பதை கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிற நீ முகநூலில் பார்த்து எனக்குச் சொல்கிறாய். நல்லது, நிரப்பி வைத்தேன், உனக்குப் புண்ணியம். ஆனால் அடுத்த வீட்டு மாமிக்கு? அவவுக்கு ஸ்காபரோவில் யாரும் இல்லை. அடுத்த நாள் வெறும் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு, நான் என்ன பாவம் செய்தேன் என்று பிள்ளையாரிடம் கேட்டுக்கொண்டு நின்றா. நான்தான் இரண்டு வாளி கொண்டுபோய் வைத்தேன்.

அறிவிக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஓட்டோ வந்ததாம். ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ பெரிய வீதியால் போகும், எங்கள் ஒழுங்கைக்குள் வராது. வந்தால் திருப்ப இடமில்லை. இப்போது கச்சான் காற்றுக் காலம் வேறு. எங்களுக்குக் கேட்பது இவ்வளவுதான்: "பொதுமக்களுக்கு ஓர் முக்கிய அறிவித்தல்... எதிர்வரும்... காலை எட்டு மணி முதல்... ஆகவே தயவுசெய்து..." எந்த நாள், என்ன விசயம், தயவுசெய்து என்ன செய்வது, மூன்றையும் காற்று கொண்டுபோய்விடும். ஒருநாள் இவர் ஏதோ செத்தவீட்டு அறிவித்தல் என்று நினைத்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு சந்திவரை போய் விசாரித்தால், அது நாய்களுக்கு விசர்நோய்த் தடுப்பூசி போடுகிற அறிவித்தல். போன கையோடு பக்கத்து வீட்டு நாயைக் கூட்டிக்கொண்டு போனார், வேட்டியோடு.

வட்ஸ்அப் குழு இருக்கிறதே என்பாய். இருக்கிறது, நீயும் அதில் இருக்கிறாய். காலையில் ரோசாப்பூ, பகலில் முருங்கைக்காய் விற்பனை, இரவில் யாரோ எப்போதோ எழுதி விட்ட சுனாமிச் செய்தி. அந்தக் கடைசிதான் எனக்குப் பொறுக்கவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று எங்களுக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை என்பது உனக்கு நான் எழுதித்தான் தெரியவேண்டும் என்றில்லை. 2012 ஏப்ரல் 11, சுமாத்திராவுக்கு அப்பால் கடலுக்குள் 8.6 அளவில் அதிர்ந்தபோது இங்கே எச்சரிக்கை விட்டார்கள். உலையில் அரிசி வேக வேக விட்டுவிட்டு உவர்மலைக்கு ஏறினோம். அலை வரவில்லை, எச்சரிக்கையை விலக்கினார்கள், திரும்பி வந்து கருகின சட்டியைக் கழுவினேன். வீணாக ஓடினோமே என்று அன்றைக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆனால் இப்படிக் கண்ட கண்ட நேரமெல்லாம் பொய்ச் சுனாமி கைபேசியில் வந்து கொண்டிருந்தால், மெய்யானது வரும் நாளில் அதையும் ரோசாப்பூவோடு சேர்த்துத் தள்ளிவிட்டுத் தூங்கப் போவார்கள். இப்போது அப்படி ஒன்று வந்தால் நான் 117க்கு, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு எடுத்துக் கேட்டு, பதிலைக் குழுவில் போடுகிறேன். போட்ட கொஞ்ச நேரத்தில் அதன் மேல் பூமாலை விழுந்துவிடும். நீயும் போட்டிருக்கிறாய், கள்ளி. தாமரைப்பூ. பார்த்தேன்.

குழுவில் இல்லாதவர்கள் யார் என்று ஒருநாள் இருந்து யோசித்தேன். மாமி, தனியே இருக்கிற தபால் ஐயா, கடலுக்குப் போகிற வீடுகள், வளைந்து போய்க் கடைசியில் இருக்கிற அந்தத் தகர வீட்டுப் பிள்ளை. தண்ணீர் வெட்டும், டெங்குப் புகையும், முதியோர் கொடுப்பனவும், கிளினிக் நாளும் யாருக்கு முக்கியமோ அவர்கள் எல்லாரும் வெளியே. உள்ளே இருப்பதில் பாதி வெளிநாடு. எங்கள் குழாய் நிற்பது தெரிந்து நீ என்ன செய்யப் போகிறாய், குளிக்க வரப்போகிறாயா?

ஆகவே ஒரு வேலை தொடங்கினேன். முதலில் தாளில் எழுதி, கோதுமைமாப் பசை காய்ச்சி மதிலில் ஒட்டினோம். இரவோடு இரவாக மான் வந்துவிட்டது. கோட்டைப் பக்கத்து மான்கள் இப்போது சந்தி சந்தியாகத் திரிகின்றன. விடியப் பார்த்தால் "கிராம சேவகர்" மட்டும் மதிலில் நிற்கிறார், மீதி மானின் வயிற்றில். இவர் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறிவிட்டது. சிரிக்கக்கூடியதுதான், ஆனால் அதே வயிற்றுக்குள் நாங்கள் எறிகிற பொலித்தீனும் போகிறது; அதைத் தின்று செத்த மான்களைப் பற்றி எத்தனை தடவை கேள்விப்பட்டோம். தாள் வேண்டாம் என்று அன்றைக்கே முடிவெடுத்துவிட்டு, வாசிகசாலைக்குப் பின்னால் கிடந்த கரும்பலகையைத் தேடி எடுத்தேன். அதே பலகைதான். "அனைவரும் வருக, வடை உண்டு" என்று நீ எழுதி வாங்கிக் கட்டிக்கொண்ட அதே பலகை.

அதைச் சோடாக்கடை வாசலில் மாட்டியிருக்கிறேன். என்ன விசயம், யார் சொன்னது, எந்த நாளோடு முடிகிறது, இந்த மூன்றும் இல்லாமல் ஒன்றும் எழுதுவதில்லை. நாள் முடிந்தால் அழித்துவிட வேண்டும். பழைய அறிவித்தல் கிடந்தால் புதியதை ஒருவரும் பார்க்கமாட்டார்கள். கீழ்ப்பாதியில் முனை வீட்டுச் சிங்கள அக்கா அதையே சிங்களத்தில் எழுதுகிறா. அவவுடைய கையெழுத்து உன்னுடையதைவிட அழகு, கோபிக்காதே.

பலகையில் போட்டதில் பெரிய செய்தி வீதியோரக் கானின் மூடி. சந்தியில் மூடி உடைந்து, தபால் ஐயாவின் கால் உள்ளே போனது. யாரிடம் கேட்பது? 2018 பெப்ரவரியில் தேர்தல் வைத்த உள்ளூராட்சிச் சபைகள் 2023 மார்ச்சில் கலைந்து, அதற்குப் பிறகு 2025 மே 6 அன்று வாக்களிக்கும் வரை அந்தச் சபைகளில் உறுப்பினர் என்று ஒருவரும் இல்லை. அந்த இடைவெளியில் எங்கள் சனம் வட்டார உறுப்பினர் என்று ஒரு சாதி உண்டு என்பதையே மறந்துவிட்டது. ஒரு அலுவலகத்துக்குப் போனால் இன்னொன்றைக் கைகாட்டினார்கள். அங்கே போனால் முதலாவதைக் காட்டினார்கள். எனக்கு விசர் வந்து, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

எடியே, அது நல்ல சட்டமடி. 2016இன் 12ஆம் இலக்கம், 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது, இவ்வளவு நாள் நாங்கள் ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை. உனக்கு ஏன் இந்தத் தகவல் என்று அவர்கள் கேட்கக்கூடாது. தருவதா இல்லையா என்று 14 வேலைநாளுக்குள் முடிவு சொல்லவேண்டும். தராவிட்டால் மேன்முறையீடு, அதற்கும் சரிவராவிட்டால் ஆணைக்குழு. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலும் எடுக்கவேண்டும். கடிதத்தை ஏற்றுக்கொண்ட துண்டைக் கையில் வாங்கியபோது எனக்கு ஓ-லெவல் பெறுபேறு வந்த நாள் மாதிரி இருந்தது. பிரசைகள் மட்டும்தான் கேட்கலாம். நீ கனடாக்காரி, வாயை மூடிக்கொண்டு இரு.

பதில் வந்தது. அந்த மூடிக்கு இதுவரை மதிப்பீடே செய்யவில்லையாம். அதைத் திகதியோடு அப்படியே பலகையில் எழுதினேன். சோடாக்கடையில் சில நாள் வேறு பேச்சில்லை. வட்டார உறுப்பினர் வந்து பார்த்துவிட்டுப் போனார். மூடி இன்னும் வரவில்லை, யாரோ ஒரு தென்னங்குற்றியைப் போட்டிருக்கிறார்கள். ஒக்டோபரில் மாரி பிடிப்பதற்குள் வந்தால் சரி. பிடித்தால் கான் எது, வீதி எது என்று தெரியாது, உனக்குத் தெரியாததா.

இனித்தான் நான் எழுதவந்த விசயம். இவ்வளவு நேரமும் சுற்றி வளைத்ததற்குக் காரணமும் அதுதான்.

உங்கள் அம்மாவின் வீட்டுப் படலையில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒழுங்கையில் வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்தார். உங்கள் வீடு பூட்டு. மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார், நானும் பார்த்தேன். கிணற்றடிக் குழாய் ஒழுகி ஒழுகிச் சீமெந்துத் தொட்டி நிரம்பி நிற்கிறது, அதற்குள் நுளம்புக் குடம்பிகள் நெளிகின்றன. கூரைப் பீலி முழுக்க மாவிலை. இப்போது காய்ந்து கிடக்கிறது, மழை வந்தால் அதுவும் தொட்டிதான். நுளம்பு பெருகாமல் தடுக்க 2007இல் ஒரு சட்டம் வந்தது, 11ஆம் இலக்கம். வளவைப் பார்க்கவேண்டியது உரிமையாளர் பொறுப்பு. ஆள் கனடாவில் என்றேன். "அப்ப கனடாவுக்குச் சொல்லுங்கோ" என்றுவிட்டுத் திரும்ப வருவதாகச் சொல்லிப் போனார். ஊரிலே ஒரு இலை விழுந்தாலும் முகநூலில் பார்க்கிற உனக்கு, உன் படலையில் ஒட்டினது தெரியாது. குழுவில் போட்டிருப்பேன். போட்டால் ஒழுங்கை முழுக்க உன் பெயர் அடிபடும் என்றுதான் கடிதமாக எழுதி, மகனைக் கொண்டு படம் எடுத்து உனக்கு மட்டும் அனுப்புகிறேன்.

இதை விளையாட்டாக எடுக்காதே. 2017ஐ நினைத்துப் பார். நாடு முழுக்க 186,000க்கு மேல் டெங்கு நோயாளிகள், அதில் மார்ச் மாதம் பக்கத்துக் கிண்ணியா பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். தகர வீட்டுப் பிள்ளைக்கு இப்போது ஏழாம் மாதம். அவளுடைய மூத்தது விளையாடுவது உன் மதில் நிழலில்.

ஆளைப் பிடித்துத் தண்ணீரை ஊற்றிவிட்டால் முடிந்தது என்று நினைப்பாய். முடியாது. அந்த நுளம்பு முட்டையைத் தண்ணீருக்கு மேல் விளிம்பில், ஈரச் சுவரில் ஒட்டிவிடுகிறது. தண்ணீரை ஊற்றினாலும் முட்டை காய்ந்தபடி மாதக்கணக்கில் கிடக்கும். திரும்பத் தண்ணீர் தொட்டதும் பொரித்து, ஒரு கிழமை பத்து நாளில் பறக்கும். தொட்டியின் உள்சுவரைத் தும்புத்தடியால் உரஞ்சிக் கழுவவேண்டும். ஓட்டோ "நீர் தேங்க விடாதீர்கள்" என்பதோடு போய்விடுவதால் இதையும் பலகையில் எழுதி வைத்திருக்கிறேன். மாமி வாசித்துவிட்டு அன்றைக்கே தன் பூச்சாடித் தட்டெல்லாம் உரஞ்சினா.

திறப்பு உன் பெரியம்மாவின் மகனிடம் இருக்கிறது. கேட்டேன், தரமாட்டேன் என்கிறான். நான் காணி பிடிக்க வந்தவள் மாதிரி ஒரு பார்வை. அவனுக்கு நீயே எடுத்துச் சொல்லு. திறப்பு வந்தால் தொட்டியைக் கழுவிக் கவிழ்ப்பதும், குழாய்க்கு வாசர் போடுவதும், பீலிக்கு ஆள் ஏற்றுவதும் என் பொறுப்பு. கூலியை நீ அனுப்பு, கணக்கு எழுதி வைப்பேன்.

இன்னொன்று. சோடாக்கடை அண்ணை கடைக்குப் பெயின்ற் அடிக்கப் போகிறாராம், பலகையைக் கழற்றச் சொல்கிறார். உன் மதில் ஒழுங்கை வாயிலில் இருக்கிறது, எல்லாரும் அதைத் தாண்டித்தான் போகவேண்டும், பின்னேரத்தில் நிழலும் உண்டு. நாலு ஆணி அடிக்கவேண்டும். அம்மா இருந்தால் கேட்காமலே அடித்திருப்பேன். உன்னிடம் கேட்டுத்தான் அடிக்க வேண்டியிருக்கிறது. சம்மதம் என்றால் அவனிடம் திறப்பைப் பற்றிச் சொல்லும்போதே இதையும் சொல்லிவிடு, பிறகு ஆணியைப் பிடுங்க வந்து நிற்பான்.

கறுத்தக்கொழும்பான் இந்த வருடம் காய்த்துக் குலுங்குகிறது. படலை திறந்த பிறகு மாங்காய் எண்ணிக்கை குறைந்தால் மான் தின்றது என்று எழுதுவேன், நம்பவேண்டும்.

உன்
வாயாடி